மூத்தாள் பொட்டு

குனின்னா நிமிருறா, நிமிருன்னா குனியுறா, வேணும்னேதான் செய்யுறா, என் ரெண்டு முழங்காலுக்கு நடுவுல தரையில உக்காந்துக்கிட்டு என் மேல நூலளவுகூடப் படாம எப்பிடித்தான் இருக்க முடியுதோ, இத்தனூண்டு இடம், அதுக்குள்ள முதுகை நிமித்தி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா, வலிக்குறது எனக்குத்தான். இருக்கட்டும், இன்னிக்கி ஒரு நாள். இவ அப்பா பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்காக, தூத்துக்குடி பஸ் வந்துச்சுன்னா இவ பெரியம்மாவை வண்டியில பின்னாடி ஏத்திக்கிட்டு வந்துருவாக, அந்த அம்மா ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு இவளையும் இவ துணிப்பையையும் கூட்டிக்கிட்டுப் போயிரும், இனிமே அங்கயே பள்ளிக்கூடம், அங்கயே சோறு, எனக்கும் தலைவலி தீந்துச்சு. போறவ பேனோட போகட்டும்னு விட்டுறலாம்ல? விடமாட்டேன். அந்த ஜெயக்கொடி அக்கா வந்ததும் முதல்ல என்ன செய்யும்னு எனக்குத் தெரியும். வாசல்படியிலயே இவளைக் கட்டிப்பிடிக்கும், பிடிச்ச கையோட தலையை வகுந்து பாக்கும், பாத்துட்டு வாயத் தொறக்காது, என்னையப் பாக்கும். அம்புட்டுத்தான். செத்துப்போன தங்கச்சி புள்ளை தலையில பேன் நெளியுதுன்னு தூத்துக்குடி பூராவும் சொல்லுறதுக்கு அது போதும். அதான் சோறு தின்ன கையோட பின்வாசல் வெளிச்சத்துல ஸ்டூலைப் போட்டு, வெள்ளைத் துண்டை விரிச்சு, பேன் சீப்பை எடுத்துக்கிட்டு உக்காந்துட்டேன். வாடீன்னேன், வந்தா. இந்தப் புள்ளை ஒரு நாளும் மாட்டேன்னு சொன்னதில்ல. சொன்னாலாவது ரெண்டு வைக்கலாம். சொல்லவும் மாட்டா, செய்யவும் மாட்டா, வந்து உக்காந்துக்கிட்டு இப்பிடிப் படாம இருப்பா. சித்தின்னு கூப்பிடச் சொல்லி எல்லாரும் தலைகீழா நின்னு பாத்தாச்சு. நீங்க, வாங்க, போங்க, இதுதான். கரண்டு பில்லுக்கு ரீடிங் எடுக்க வந்த பொம்பளைகிட்டப் பேசுற மாதிரி.

வாய் மட்டும் ஓயல. திங்கக்கிழமை பேச்சுப் போட்டியாம், நாலாங்கிளாஸ் புள்ளைகளுக்கு, இவளுக்குக் குடுத்த தலைப்பு பழைய மரமெல்லாம் ஏன் ரொம்ப காலம் வாழுது. சாயங்காலம் ஊரைவிட்டே போறவளுக்கு என்னத்துக்குடீ திங்கக்கிழமைப் பேச்சுன்னு கேட்டா, "அங்க உள்ள ஸ்கூல்லயும் வைப்பாங்கள்ல"ன்னு சொல்லுறா. எல்லாத்துக்கும் ஒரு பதில் வெச்சிருப்பா. அன்பார்ந்த ஆசிரியப் பெருமக்களே, அருமை நண்பர்களே, மரங்கள் நமக்கு நிழல் தருகின்றன, கனி தருகின்றன, காற்றைத் தூய்மை செய்கின்றன. நிறுத்து. மரம் உனக்கு என்ன தருதுன்னாடீ கேட்டாக, அது ஏன் சாகாம இருக்குன்னு கேட்டாக. எவ எழுதிக் குடுத்தது இதை. மிஸ்ஸா. அந்த மிஸ் என்ன படிச்சிட்டு வந்துச்சோ. நான் பி.எஸ்ஸி. பாட்டனி, தெரியுமா உனக்கு, ரெண்டு அரியர் வெச்சேன், அதையும் எழுதி முடிச்சேன், காலேஜ்ல இலையையும் தண்டையும் பிளேடால சீவிச் சீவி மைக்ரோஸ்கோப்புல வெச்சுப் பாத்தவ, அதைப் படிச்சு முடிச்சு என்ன செஞ்சேன், மூல நட்சத்திரம்னு சொல்லி முப்பது வயசுக்குப் பக்கத்துல வரைக்கும் வீட்டுலயே உக்கார வெச்சு, கடைசியில ஒரு புள்ளையோட நின்ன ஆளுக்குப் புடிச்சுக் கட்டி வெச்சாக. பேன் பாக்குறதுக்குத்தான் பாட்டனி படிச்சேன் போல. எங்க அம்மா சொன்னா, முதல் சம்சாரம் டெங்குவுல போயிட்டா, நல்ல மனுசன், மில்லுல சூப்பர்வைசர், பொம்பளைப் புள்ளைதான, அது பாட்டுக்கு ஒரு மூலையில கெடக்கும்னு. கெடக்குதே. என் கழுத்தையே பாத்துக்கிட்டுக் கெடக்குது.

சரி எழுதிக்க, இல்ல, கையில எழுதாத, கேட்டுக்க. மரத்துக்கு மனுசன் மாதிரி இம்புட்டு வயசு ஆனா கிழடுன்னு ஒண்ணும் கெடையாது. நுனி எப்பவும் புதுசு, வருசா வருசம் புது இலை, புது வேரு, தோலுக்கு அடியில புதுசா ஒரு சுத்து கட்டை. மெதுவா வளர்ற மரம் ரொம்ப நாள் நிக்கும், சடசடன்னு வளர்றது சீக்கிரம் சாயும், முருங்கையைப் பாரு, ஒரு காத்துக்குத் தாங்குதா. வெட்டுப்பட்டா ஆறாது. அதை நல்லாக் கேட்டுக்க. நமக்குத்தான் புண்ணு ஆறும், மரத்துக்கு ஆறவே ஆறாது, வெட்டுன இடத்தைச் சுத்தி ஒரு சுவர் கட்டிரும், அழுகலு உள்ள வராம அடைச்சுப்போட்டு, அதுக்கு மேல வளந்து போயிரும், வெட்டு உள்ள அப்பிடியே இருக்கும். "எத்தனை வருசம் இருக்கும்?"ன்னு கேக்குறா. மரம் இருக்குற வரைக்கும். சீப்புல மூணு வந்துச்சு, நல்லாக் கொழுத்தது, நகத்துல வெச்சு ஒரு நசுக்கு. யாரு ரத்தத்தைக் குடிச்சிக் கொழுத்துச்சு இது, இவ ரத்தம், இவளைப் பெத்த அந்த உமாராணி ரத்தம். செத்தும் போகமாட்டேங்குறா அவ. வெள்ளிக்கிழமையானா கதம்பம் வாங்குனதும் முதல்ல அவ போட்டோவுக்கு ஒரு கண்ணி, பெறகுதான் என் தலைக்கு. தீவாளிக்குச் சேலை எடுத்தா மடிப்புக் கலையாம அவளுக்குப் படைச்சு, அவ கட்டி முடிச்ச மாதிரி, அப்புறம் நான் கட்டணும். தாலி கட்டுன அன்னிக்கே அத்தை என் தாலிக்கொடியில ஒரு சின்னத் தங்கப் பொட்டைக் கோத்து விட்டாக, உமாராணி தாலியை அழிச்சுச் செஞ்சது, இது மூத்தாள் பொட்டு, ரெண்டாந்தாரமா வந்தவ போட்டுக்கிறது எங்க வழக்கம், அவளையும் சேத்துச் சுமந்தாத்தான் அவ உன்னைய வாழவிடுவான்னு சொன்னாக. என் தாலி ஒரு பக்கம், அவ பொட்டு ஒட்டிக்கிட்டு. குளிக்கும்போது சோப்பு அதுலதான் சிக்குது. எனக்கு நம்பிக்கை கெடையாது, நான் பாட்டனி படிச்சவ, அப்பிடின்னுதான் இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை பூ வைக்க மறந்தேன், அடுத்த வாரமே நாள் தள்ளி நின்னது கலைஞ்சு போச்சு. அத்தை அவ போட்டோவைத் தொடைச்சு வெச்சாக. அன்னிக்கிருந்து மறக்குறதில்ல. இந்த மாசமும் தள்ளியிருக்கு. இன்னும் இவ அப்பாகிட்டக்கூடச் சொல்லல, சொன்னா நிக்காதோன்னு பயம்.

அசையாத. காதோரம்தான் கூடு கட்டியிருக்கு. "நடுவுல என்ன இருக்கும்?"ன்னு கேக்குறா. எதுக்கு நடுவுல. "மரத்துக்கு." மரத்துக்கு நடுவுல செத்த கட்டை. நெசமாத்தான். தோலுக்கு அடியில மெல்லிசா ஒரு தோல், அதுதான் உசுரு, உள்ள கொஞ்ச தூரம் தண்ணி ஓடும், அதுக்கும் உள்ள எல்லாம் செத்தது, வைரம் பாஞ்சிருச்சும்பாக, கறுப்பா, கெட்டியா. அம்புட்டுப் பெரிய மரத்துல முக்காவாசி செத்ததுதான், செத்ததைச் சுத்திக்கிட்டுத்தான் உசுரு நிக்குது. சொல்லிட்டு எனக்கே என்னமோ போல ஆயிப்போச்சு, வகுப்புல படிச்சப்ப சாதாரணமா இருந்துச்சு. இவ திரும்பிப் பாத்தா. மூஞ்சியை இல்ல. கழுத்தை. அந்தப் பார்வைதான். ஒன்றரை வருசமா இந்தப் பார்வை, சோறு போடும்போது, வாசல் தெளிக்கும்போது, குனிஞ்சு கூட்டும்போது பொட்டு வெளிய வந்து ஆடும்ல, அப்போ, எங்க இருந்தாலும் இவ கண்ணு அங்க வந்துரும். சேலைத் தலைப்பை இழுத்து இழுத்து மூடி எனக்குத் தோள்பட்டை இறங்கிப்போச்சு. ஒன்பது வயசுப் புள்ளைக்கு அம்புட்டு வெஞ்சினம் ஆகுமான்னா ஆகும், நான் பாக்குறேன்ல. எங்கம்மா நகையைப் போட்டுக்கிட்டுத் திரியுறியா நீன்னு கேக்குற கண்ணு. திரும்பு, முன்னாடி பாரு.

ஆடி அமாவாசைக்கு உமாராணிக்குத் தர்ப்பணம் குடுக்க ஆத்துக்குப் போனோம்ல, அங்க கரையில அந்த மருதமரம், அடியில ஒரு ஆள் நுழையுற பொந்து, இவ அப்பா தண்ணிக்குள்ள எள்ளோட நிக்குறாக, இவ அந்தப் பொந்துக்குள்ள போயி உக்காந்துட்டா. வெளிய வாடீங்குறேன், வரல. பாம்பு கெடக்கும்டீங்குறேன், வரல. கூட்டம் கூடிருச்சு, ஒரு கிழவி என் கழுத்தைப் பாத்துட்டு ரெண்டாந்தாரமான்னு கேக்குறா, மூத்தாள் புள்ளை பாவம்குறா, நான் என்ன செஞ்சேன் அந்தப் புள்ளையை, பொந்துக்குள்ளயா தள்ளிவிட்டேன். கையைப் பிடிச்சு இழுத்தேன், சில்லுன்னு இருந்துச்சு கை. "உள்ள ஜில்லுன்னு இருக்கு"ன்னா, அம்புட்டுத்தான், ஏதோ ஏசி கடைக்குள்ள போயிட்டு வந்தவ மாதிரி. மேல பாத்தா மரம் பூராவும் பச்சை. அதையும் பேச்சுல சேத்துக்க. நீ பாத்த மரம்தான, உள்ள ஒண்ணுமே இல்லாம எல்லாம் மக்கிப்போயி, அப்பிடியும் தளதளன்னு நிக்குதுல்ல. ம்முங்குறா. எனக்குத்தான் அன்னிக்கி ராத்திரி அவுககிட்ட அழுகை வந்துச்சு, அவுக என்ன சொன்னாக, சின்னப் புள்ளைதானன்னாக. போன வாரம் வரைக்கும் சின்னப் புள்ளைதான். மத்தியானம் கண்ணசந்துட்டேன், எப்பவும் அசர மாட்டேன், இப்ப உடம்பு அசத்துது, ஏதோ கழுத்துல ஊருது, முழிச்சா இவ. மூஞ்சி என் மூஞ்சிக்கு மேல. கை கழுத்துல. எப்பிடி இருக்கும்? அறைஞ்சுட்டேன். ஓங்கித்தான் அறைஞ்சேன், அழுகல, எழுந்திரிச்சுப் போயிட்டா. அவுக வந்ததும் சொன்னேன், உங்க புள்ளை என் கழுத்தைப் பிடிச்சான்னு. பிடிச்சாளா, தொட்டாளா, எனக்கு என்ன தெரியும், தூக்கத்துல இருந்தவ. அவுக ஜெயக்கொடி அக்காவுக்குப் போன் போட்டாக. அந்த அம்மாவுக்கு வாயெல்லாம் பல்லு. நான் அப்பவே சொன்னேனே சங்கரபாண்டி, எங்க புள்ளையை எங்ககிட்டக் குடுத்துருன்னு. எங்க புள்ளையாம். இந்த ஒன்றரை வருசத்துல இவளுக்கு ஒரு பேன் சீப்பு வாங்கிக் குடுத்திருக்கா அந்த அம்மா?

"நடுவுல இருக்குற செத்த கட்டையை எடுத்துட்டா மரம் செத்துருமா?" மறுபடியும் கேக்குறா. இவளுக்கு என்ன அந்தக் கட்டை மேல இம்புட்டு அக்கறை. சாகாதுடீ, இப்பத்தான சொன்னேன், மருதமரம் நின்னுச்சுல்ல, உள்ள இருக்குறது போயிட்டா காத்துக்குக் கொஞ்சம் பலம் கொறையும், ஆனா உசுரு வெளியதான இருக்கு, அது பாட்டுக்கு இருக்கும். பிடரியைச் சீவுறேன், பேசாம இருக்கா, பேசாம இருந்தா இவ எதையோ மென்னுக்கிட்டு இருக்கான்னு அர்த்தம், எனக்குப் பழகிப்போச்சு. "அப்ப பெரியம்மா சொன்னது பொய்யா?" என்னத்தைச் சொல்லுச்சு உங்க பெரியம்மா. சொல்லமாட்டேங்குறா. சொல்லுடீ. முடியைப் பிடிச்சு லேசா ஒரு இழு இழுத்தேன், சொல்லிட்டா, தரையைப் பாத்துக்கிட்டு, பேச்சுப் போட்டியில ஒப்பிக்குற மாதிரியே சொல்லிட்டா. "உங்க கல்யாணத்தன்னிக்கிச் சொன்னாங்க. எங்கம்மா அந்தப் பொட்டுக்குள்ளதான் இருக்காங்களாம். அதை யாரும் கழட்டக்கூடாதாம். கழட்டுனா நீங்க செத்துருவீங்களாம். அதான் நான் கேக்கல."

சீப்பு நின்னுபோச்சு. அட பாவி பொம்பளை, ஏழு வயசுப் புள்ளை காதுல சொல்லுற பேச்சா இது. அப்ப இவ இத்தனை நாளும் என்னைய முறைக்கல. இவ அம்மாவைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கா. நான் இழுத்து இழுத்து மூடியிருக்கேன். அன்னிக்கி மத்தியானம் என்னடீ செஞ்சன்னு கேட்டேன். "கழட்டல. தொட்டுத்தான் பாத்தேன்." பெறகு "சூடா இருந்துச்சு"ன்னா. என் கழுத்துச் சூடுடீ அது, மத்தியான வெக்கையில பொட்டு போட்டுக்கிட்டுக் கெடந்தா யாரு கழுத்துலயும் சூடாத்தான் இருக்கும்னு சொல்ல வந்தேன். அறைஞ்சேனே. அழுகாம போனாளே. மன்னிப்புக் கேக்குறதுக்கு இவ என்ன பெரிய மனுசியா, கேக்கலாமா, கேக்கத் தெரியல எனக்கு, எங்க வீட்டுல யாரும் யார்கிட்டயும் கேட்டதில்ல. அதுக்குள்ள இவ அடுத்ததைக் கேட்டுட்டா. "மரம் சாகாதுன்னு சொன்னீங்கள்ல. அப்ப கழட்டுனாலும் நீங்க சாகமாட்டீங்கள்ல. எனக்குக் குடுத்துருங்க, நான் பெரியம்மா வீட்டுக்குக் கொண்டு போறேன்."

குடுத்துறலாம். கையை வெச்சு ஒரு இழு, கொடி அறுந்தா அறுந்துட்டுப் போகுது. அவ பொட்டு, அவ புள்ளைக்கு. போயிரும். வெள்ளிக்கிழமைப் பூ போயிரும், படைக்குற சேலை போயிரும், கழுத்து லேசாயிரும், இந்த வீட்டுல நான் ஒருத்தி மட்டும் இருப்பேன். இவளும் போயிருவா, அதைக் கையில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு பஸ்சுல ஜன்னலோரம் உக்காந்து போயிருவா, ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்கமாட்டா, பாக்குறதுக்கு இங்க என்ன இருக்கும். அந்த ஜெயக்கொடி அதை வாங்கி பீரோவுல வெச்சுப் பூட்டிரும், அதுவும் எனக்குத் தெரியும். கை கழுத்துக்குப் போயிருச்சு. போன கை அங்கயே நிக்குது. பூ வைக்க மறந்ததுக்கே அப்பிடி ஆச்சு. கழட்டிக் குடுத்தா என்ன ஆகும். வயித்துல இருக்குறது என்ன ஆகும். நான் பாட்டனி படிச்சவ, செத்தவ ஒண்ணும் செய்யமாட்டா, தங்கத்துக்குள்ள யாரும் இருக்கமாட்டாக, எல்லாம் தெரியும், கை மட்டும் நகர மாட்டேங்குது. இன்னொரு கை இவ முடியைப் பிடிச்சிருக்கு, அதுவும் விடமாட்டேங்குது. எதுக்காக விடலன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. உமாராணிக்குப் பயந்தா, வயித்துக்குப் பயந்தா, இல்ல இவ போயிருவாளேன்னா.

செத்துருவேன்னேன்.

முழுசாத் திரும்பி உக்காந்துட்டா. முதல் தடவையா என் மூஞ்சியைப் பாத்தா. அம்மா சாடைன்னு ஊரே சொல்லும், எனக்கு எப்பவும் தெரிஞ்சதில்ல, போட்டோவுல அந்தப் பொம்பளை சிரிச்சுக்கிட்டு இருப்பா, இவ என்னிக்கிச் சிரிச்சா. "மரம்தான் சாகாதா?" ஆமா, நான் மரமில்ல. "நெசமாவே செத்துருவீங்களா?" நெசமா. மேல கீழ பாத்தா, காயை அழுத்திப் பாத்து வாங்குற மாதிரி. நம்புனாளா இல்லையான்னு எனக்குத் தெரியல, அந்தக் கண்ணுல ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. "அப்ப வேணாம்"ன்னா. வேணாம்னா விடு. போயி மூஞ்சியைக் கழுவு, பெரியம்மா வந்துருவாகன்னேன். எழுந்திரிக்கல. "நான் போகல"ன்னா. என்னத்துக்கு. "நீங்க சாகுற வரைக்கும் இங்கயே இருக்கேன். அப்புறம் எடுத்துக்கிறேன்."

பல்லைக் கடிச்சுக்கிட்டேன். எம்புட்டு நெஞ்சழுத்தம் பாரு. என் சாவுக்கு எனக்கு எதிர்லயே உக்காந்து காவல் இருப்பாளாம். எனக்கு ஆயுசு கெட்டிடீ, எங்க வீட்டுல எல்லாரும் எம்பது தொண்ணூறு, லேசுல போகமாட்டேன், உனக்குத் தலை நரைச்சுப் பல்லு விழுந்துரும்னேன். "பரவால்ல." தினமும் இட்லிதான். "பரவால்ல." தப்பு பண்ணுனா அறைவேன். கொஞ்சம் யோசிச்சா. "நானும் திருப்பி அடிப்பேன்"ன்னா. வெளிய வண்டிச் சத்தம் கேட்டுச்சு, ஸ்டாண்டு போடுற சத்தம், அந்த அம்மாவோட வளையல், "எங்க என் ராசாத்தி, எங்க என் தங்கம்"னு வாசல்லயே ஆரம்பிச்சிருச்சு. நான் எழுந்திரிக்கணும், சேலையைச் சரிபண்ணணும், பேனு நசுக்குன நகத்தைக் கழுவணும், இவ என் முழங்காலைப் பிடிச்சுக்கிட்டா. பிடிச்சாளா, தொட்டாளா. பிடிச்சுத்தான் இருந்தா, நகம் பதிஞ்சுச்சு.

ஜெயக்கொடி அக்கா பின்வாசல் வரைக்கும் வந்துட்டாக, பின்னாடி ஹெல்மெட்டைக் கையில வெச்சுக்கிட்டு அவுக. இவ அங்க திரும்பாமலே, நல்லாக் கணீர்னு, திங்கக்கிழமை மேடையில பேசுற குரல்ல சொன்னா: "பெரியம்மா, நான் இப்ப வரல. இவங்க செத்ததுக்கு அப்புறம் வாரேன்."

அந்த அம்மா வாயில கை வெச்சுருச்சு. அவுக என்னையப் பாக்குறாக, என்ன சொல்லிக் குடுத்தன்னு கேக்குற மாதிரி. இவ தலையைப் பிடிச்சு முன்னாடி திருப்பி, துண்டை ஒதறி விரிச்சு, சீப்பை எடுத்துக்கிட்டேன். "அது ரொம்ப நாளாகும்க்கா"ன்னேன். "நீங்க காப்பி குடிச்சிட்டுக் கெளம்புங்க."